எப்போது அதிகம், எப்போது குறைவு

டிர்ர்ர்ர்ரென்று அலறியது லிஃப்ட்டின் அபாய மணி.

தேர்வு அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பேர் மட்டும் அசையவில்லை. ஒருவர், நோயாளியைப் பேசவிட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் 'கேஸ் எடுக்கும்' பாடத்தை நடத்தும் மேடம். இடியே விழுந்தாலும் நோயாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர். இன்னொருவர், கடைசி வரிசை லிஃப்ட்காரர். பகலெல்லாம் ஊரில் உள்ள லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்துவிட்டு, மாலையில் ஹோமியோபதி படிக்க வருகிறவர். அலாரம் என்பது அவருக்கு வீட்டு வாசல் மணி மாதிரி.

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல," என்றார் காதைத் தீட்டிக்கொண்டு. "உள்ளே கொஞ்சம் கனமான ஆள்."

"கனம்கூடவா சத்தத்துல தெரியும்?"

"நடுவுல நிக்கிறது சத்தத்துல தெரியும். கனம் எப்படித் தெரியும்னா, நம்ம உடற்கூறு சார் இப்பதான் டீ குடிக்க இறங்கினாரு."

வகுப்பு சிரித்தது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார். மேடம் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை.

"நீங்க தொடருங்க," என்றார் ஹலோவிடம்.

ஹலோ என்பது வகுப்பு வைத்த பெயர். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் பிரிவில் போன் எடுப்பது அவள் வேலை. ஒரு அழைப்பை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாளோ அவ்வளவு கெட்டிக்காரி என்று பெயர். வாடிக்கையாளர் "தண்ணி..." என்று வாய் திறப்பதற்குள் "ஒழுகுதா சார்? குழாயைக் கழட்டி மாட்டினீங்களா சார்?" என்று முடித்துவிடுவாள். அங்கே அது திறமை. இங்கே அதுதான் வினை.

எதிரில், தேர்வுக்காக வரவழைக்கப்பட்ட ஒரு அம்மாள். வயிற்றுத் தொல்லை.

"எனக்கு வயித்துல ஒரு மாதிரி..."

"எரியுதா?" என்று பாய்ந்தாள் ஹலோ.

"எரியுதுன்னும் சொல்லலாம்..."

"சாப்பிட்டப்புறம் அதிகமாகுமா?"

"ஆகலாம்..."

"புளிச்ச ஏப்பம் வருமா?"

"நீங்க சொன்னா வரும்மா," என்றார் அந்த அம்மாள் மரியாதையாக.

வகுப்பு மறுபடி சிரித்தது. மேடம் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க வயித்தைப் பத்திச் சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் வாயே திறக்கவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. அந்த அம்மாள் ஏதேதோ சொன்னார், நிறுத்தினார், சேலையை நீவினார், சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே தாங்கவில்லை. ஹலோவுக்கு நாக்கு நுனியில் பத்துக் கேள்விகள் முட்டி நின்றன.

"வேற?" என்றார் மேடம், மெதுவாக.

"சொன்னா சிரிப்பீங்க. உள்ளே ஒரு கோழிக்குஞ்சு நடக்கிற மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வாசல்ல யாராவது எனக்காகக் காத்துக்கிட்டு நின்னா வரும். அவங்க போயிட்டா நின்னுடும். இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

வயிற்று எரிச்சல்காரர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். வாசலில் ஆள் நின்றால் வயிற்றில் கோழிக்குஞ்சு நடப்பவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஹோமியோபதி தேடுவது அந்த ஒருவரைத்தான். நோயின் பெயரை அல்ல.

"ஏப்பத்தை அவங்க வயித்துல வெச்சது நீங்க," என்றார் மேடம் ஹலோவிடம், கோபமே இல்லாமல். "கோழிக்குஞ்சை விரட்டினதும் நீங்கதான்."

இரண்டாம் முறையும் ஹலோ தேறவில்லை.

அடுத்தது கிளினிக் ஆண்டு. உண்மையான நோயாளிகள், உண்மையான மருந்து. கேஸ் எடுப்பதில் தேறாதவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. படித்த படிப்பெல்லாம் அப்படியே நின்றுபோகும். மூன்றாவது வாய்ப்புதான் கடைசி.

அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே கணவனால்தான். அவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். வீட்டில் அளந்துதான் பேசுவான். "சாப்பாடு", "உப்பு", "தூக்கம்" என்று ஒரு வேளைக்கு ஒரு வார்த்தை. கையில் அரிப்பு வந்து மேடத்தின் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அந்த மனிதன் அங்கே ஒரு மணி நேரம் பேசினான். அடுப்புச் சூடு பிடிக்கும், அடுப்பை அணைத்த பிறகு வரும் சூடு பிடிக்காது என்றான். சின்ன வயதில் நாய்க்குட்டி தொலைந்ததைச் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நாய்க்குட்டியைப் பற்றி அவன் மூச்சுவிட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மேடம் கேட்டதென்னவோ மூன்றோ நான்கோ கேள்விகள்தான். அப்படிக் கேட்க ஒரு படிப்பு இருக்கிறதென்றால் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று ஹலோவுக்குப் பட்டது.

அரிப்பு போயிற்றா என்றால், போயிற்று. மருந்தால் போயிற்றா, அதே வாரம் பேக்கரியில் மாவு மாற்றியதால் போயிற்றா என்று வீட்டில் இன்றுவரை தகராறு; அதில் மட்டும் அவனுக்கும் வாய் நீளும்.

"மூட்டை மூட்டையா சர்க்கரை எங்க பேக்கரியிலயும்தான் போடறோம்," என்பான் அவன். "எவனுக்கும் ஜுரம் நின்னதா சொல்லலையே."

"அது சர்க்கரை இல்லை, சர்க்கரை உருண்டையில மருந்து. வெங்காயம் நறுக்கினா உனக்குக் கண்ணுல, மூக்குல தண்ணி கொட்டுதுல்ல? அதே மாதிரி கொட்டுற ஜலதோஷத்தோட ஒருத்தர் வந்தா, வெங்காயத்துலேருந்து எடுத்ததையே ரொம்ப ரொம்பச் சின்ன அளவுல கொடுப்போம். எது கிளப்புமோ அதுவே தணிக்கும்."

"அப்ப உன் பேச்சால எனக்கு வர்ற தலைவலிக்கு உன் பேச்சேதான் மருந்தா?"

"சின்ன அளவுலன்னு சொன்னேனே, அது காதுல விழலையா?"

"அந்த அளவுலதான் நீ பேசறதே இல்லையே!"

சரியாகச் சொல்லப்போனால், மேடமும் அதையேதான் சொன்னார், வேறு விதமாக. "உங்களுக்குக் காது நல்லா இருக்கு. வாய்தான் குறுக்கே நிக்குது. ஒரு வேலை தரேன். அதைப் பிசகாம முடிச்சா அதுவே உங்க தேர்வு."

வேலை இதுதான். கல்லூரியில் ஒரு மருந்துச் சோதனை தொடங்கியிருந்தது. எந்தப் பொருள் யாருக்கு மருந்து என்று தெரிய வேண்டுமானால், முதலில் அது நலமாக இருப்பவரிடம் என்ன தொல்லையைக் கிளப்புகிறது என்று பார்க்க வேண்டும். அதனால் நலமான ஆட்கள்தான் தேவை. முட்டி வலிக்காரர், தூக்கம் வராதவர், அடிக்கடி தும்முகிறவர் என்று விசாரித்து விசாரித்து மேடம் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். இருக்கிற தொல்லையையும் புதிதாக வரும் தொல்லையையும் பிரிக்க முடியாமல் போய்விடும் அல்லவா? மிஞ்சிய மாணவர்களுக்கு ஆளுக்கொரு குப்பி, சோதனை முடியும்வரை வெங்காயமும் காபியும் கூடாது என்ற விதியோடு. உள்ளே வெள்ளை உருண்டைகள். சில குப்பிகளில் மருந்து, சிலவற்றில் வெறும் உருண்டை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. குப்பிகளை நிரப்பிய மருந்தகப் பொறுப்பாளர் ஒருவருக்குத்தான் தெரியும். மணி என்ன என்று கேட்டால்கூட, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிற ஆள் அவர்.

சோதனையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கேட்பாளர். தினமும் மாலையில் போன் செய்து, உடம்பிலும் மனசிலும் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். கேள்வியிலேயே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. வேறு யாரிடமும் பேசக் கூடாது. மேடம் இந்தச் சோதனைக்கு ஒப்புதல் வாங்கவே வருஷக்கணக்கில் அலைந்திருந்தார். ஒழுங்கான சோதனை நடத்தாதவர்கள் என்று மற்ற வைத்தியர்கள் தங்களைச் சொல்வது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நூல் பிசகாத சோதனையாக இது இருக்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

ஹலோவின் ஆள் லிஃப்ட்காரர்.

"எப்படி இருக்கீங்க அண்ணா?" என்று ஆரம்பிப்பாள். பிறகு பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். வாய் திறக்காமல் இருக்க அவளே கண்டுபிடித்த வழி அது. எதிர்முனையில் டி.வி. சத்தம், யாரோ சண்டை, பாத்திரம் உருளும் ஓசை. லிஃப்ட்காரர் வீட்டில் மனைவி, மகன், மகள், மருமகன் என்று கூட்டம் ஜேஜே என்று இருக்கும்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள், "தங்கச்சி, இடது கை கனக்குது. யாரோ உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி," என்றார்.

ஹலோ பேனா மூடியைக் கடித்தபடியே துள்ளிக் குதித்தாள். வேறு எந்தத் தொழிலிலும் ஒரு மனிதனுக்குக் கை கனத்தால் இன்னொருவருக்கு இவ்வளவு சந்தோஷம் வராது. சோதனை வேலை செய்கிறது! முதல் அறிகுறி அவள் ஆளிடம்தான் வந்திருக்கிறது!

"எப்போ அதிகமா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அது கேட்கலாம். அது எடுத்துக் கொடுப்பதில் சேராது.

"படி ஏறினா. ஏறிக்கிட்டே இருந்தா நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பெல்ட்டை இறுக்கற மாதிரியும் வருது."

"எப்போ குறையும்?"

"நின்னா. சும்மா நின்னாப் போதும், போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "அவ்வளவுதானா? வேற எதுவும் கேக்கலையா?" என்றார்.

இவ்வளவு தெளிவான குறி வகுப்பில் யாருக்கும் கிடைத்திருக்காது. ஹலோ அதை மனசுக்குள் பூட்டி வைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கேன்டீனில் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..." என்று ஆரம்பித்தாள். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் சோதனையில் உருண்டை சாப்பிடுகிறவர்கள்.

கேட்பாளர்களை மேடம் கூட்டிய அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்று பேருக்கு இடது கை கனத்தது.

ஹலோவின் வயிற்றில் அப்போது நடந்தது கோழிக்குஞ்சு இல்லை, கோழிப்பண்ணை.

மேடத்தின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. நான்கு பேருக்கு ஒரே குறி! அடுத்த கணமே அந்த வெளிச்சத்தை அவரே ஊதி அணைத்தார். அதுதான் மேடம். தனக்குப் பிடித்தமான பதில் கிடைத்தால் அதை இரண்டு மடங்கு சந்தேகப்படுகிறவர்.

"மூணு பேரோட கேட்பாளர்களும் சொல்லுங்க. எப்போ அதிகம்? எப்போ குறைவு?"

"எப்பவும் ஒரே மாதிரிதான் மேடம்."

"குறிப்பா சொல்லத் தெரியலையாம் மேடம்."

"நினைச்சாத்தான் இருக்காம்."

"லிஃப்ட்காரருக்கு?"

"படி ஏறினா அதிகம், நின்னா குறைவு," என்றாள் ஹலோ.

மேடம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சோதனையைப் பத்தி உங்களுக்குள்ள யாராவது பேசிக்கிட்டீங்களா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஹலோ வாயை மூடிக்கொண்டாள். அதுவும், மூடக் கூடாத இடத்தில். சொன்னால் கிளினிக் கதவு நிரந்தரமாகச் சாத்தப்படும். கேன்டீன் மேஜையில் இருந்தவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லிஃப்ட்காரருக்குப் போன் போட்டாள். கணவன் வேலையிலிருந்து வந்து, சூடு ஆறாத ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு எதிர்முனையில் டி.வி. சத்தம் இல்லை. காற்று மட்டும் இரைந்தது.

"வேலையில இருக்கேன் தங்கச்சி. ஆபீஸ் கட்டடம் ஒண்ணு. மொட்டை மாடியில மெஷின் ரூம்ல உக்காந்திருக்கேன். லிஃப்ட்டை நிறுத்திட்டேன், படி ஏறித்தான் வந்தேன்."

"எப்படி இருக்கீங்க அண்ணா?"

"கை கனக்குது. பெல்ட்டும் இறுக்குது."

"படி ஏறினதாலயா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதான் இல்லை. ஏறி வந்து ரொம்ப நேரம் ஆச்சு. சும்மா உக்காந்திருக்கும்போதே வந்துடுச்சு. நின்னா போகும்னு சொன்னேன்ல? நின்னு பாத்தேன், போகலை. தாடை வரைக்கும் இழுக்குது. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. எழுதிக்கிட்டியா?"

எழுதவில்லை. பேனா நின்றுவிட்டது.

மற்ற மூன்று கைகளும் ஏன் எப்போதும் ஒரே மாதிரி கனத்தன என்று அவளுக்கு அந்த நொடியில் பளிச்சென்று விளங்கியது. அவை அவள் வாயிலிருந்து போனவை. வாயிலிருந்து போனதற்கு 'எப்போது' கிடையாது. உடம்பிலிருந்து வருவதற்குத்தான் ஏறினால் அதிகம், நின்றால் குறைவு என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை இரண்டாம் ஆண்டு நோய்க்குறியியல் வகுப்பில் அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். அதற்குப் பெயர் இதயம். இப்போது அந்தக் கணக்கும் தப்பிவிட்டது.

மாவு படிந்த கணவனின் தோளை உலுக்கினாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஆம்புலன்ஸுக்குப் பேசு. நெஞ்சு வலி. அட்ரஸ் கேட்டுச் சொல்றேன்," என்றாள். அவன் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுடைய சிக்கனம் அன்றைக்குத்தான் அவளுக்கு அருமையாகப் பட்டது.

"அண்ணா, அப்படியே சாஞ்சு உக்காருங்க. எழுந்திருக்காதீங்க. கட்டடம் எந்த இடத்துல? ஆம்புலன்ஸ் வருது."

"ஆம்புலன்ஸா? இதோ பாரு, நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது, ரூல்ஸ்." சிரித்தார், மூச்சு வாங்கியது. "மாத்திரையோட வேலைம்மா இது. நாளைக்கு நிறுத்திட்டா சரியாப் போயிடும். பையை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துடறேன்."

"இறங்காதீங்க!"

"பதினோரு மாடிதானே..."

இடத்தைச் சொல்லிவிட்டார்; கணவன் அதை ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். ஆனால் அவர் எழுந்திருக்கும் சத்தம் போனில் கேட்டது. மாத்திரையின் வேலை என்று அவர் நம்பும்வரை உட்காரமாட்டார். மாத்திரையா இல்லையா என்று தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்.

ஓடும் அழைப்பில் இன்னொருவரைச் சேர்ப்பது ஹலோவுக்குத் தூக்கத்திலும் வரும். மேடத்தை இணைத்தாள்.

"மேடம், கேன்டீன்ல பேசினது நான்தான். மத்த மூணு பேரோட கையும் என் வாய். இவரோடதுதான் நிஜம். உக்காந்திருக்கும்போதே வலி, தாடைக்கு ஏறுது, வேர்த்துக் கொட்டுது. இறங்கி வரேன்னு பிடிவாதம் பிடிக்கிறாரு. என்னைக் கிளினிக்ல விட வேண்டாம். அவர் குப்பியில என்னன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு."

"மருந்தகத்தாரைச் சேர்த்து விடுங்க."

மணி கேட்டாலும் யோசிக்கும் அந்த மனிதர் வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "மேடம், இப்பவே சொல்லிட்டா இவரோட பதிவெல்லாம் செல்லாது. மூணு பேரோடதும் போச்சுன்னா, மொத்தச் சோதனையும்..."

"போகட்டும். சொல்லுங்க."

வருஷக்கணக்கான அலைச்சல், வைராக்கியம், ஊரார் முன்னால் நிமிர்ந்து காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அதைச் சொல்ல மேடத்துக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வைத்தியரை வைத்தியராக்குவது எது என்று யாராவது தன்னைக் கேட்டால் இந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும் என்று ஹலோவுக்கு அப்போதே தோன்றியது.

"வெறும் உருண்டை," என்றார் மருந்தகத்தார். "ஒரு துளி மருந்துகூட இல்லை."

"கேட்டீங்களா?" என்றார் மேடம். "நீங்க சாப்பிட்டது வெறும் சர்க்கரை. இந்த வலி மாத்திரையோடது இல்லை, உங்களோடது. உக்காருங்க."



"சர்க்கரைக்கா மேடம் நான் இத்தனை நாள் மூணு வேளையும் வெங்காயத்தையும் காபியையும் விட்டேன்?" என்றார் லிஃப்ட்காரர். ஆனால் உட்கார்ந்துவிட்டார். இரும்பு நாற்காலி கிறீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு படியேறத் தயாராக நின்றபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மெயின் சுவிட்சைப் போட்டார். "வேலை முடிஞ்சுது, தைரியமா ஏறி வாங்க," என்று கீழே நின்ற கட்டடக் காவலாளியின் போனுக்கு அழைத்துச் சொன்னாராம். அவர் சரிசெய்த லிஃப்ட்டே அவரைக் கீழே கொண்டுவந்தது.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், அல்லது அந்தப் பதினோரு மாடியை இறங்கியிருந்தால் என்று ஆரம்பித்த இதய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஹலோவும் அதை முடித்து வைக்கவில்லை.

கல்லூரியில் மேடம் எல்லோரையும் கூட்டினார். "சோதனை முடிஞ்சுது. எதனால தவறிப்போச்சுன்னு முழுசா எழுதி வெளியிடப் போறோம். யாருக்கு வெறும் உருண்டை, யாருக்குப் பேச்சால கை கனத்தது, எல்லாம்."

"மத்தவங்க சிரிப்பாங்களே மேடம்?" என்றார் உடற்கூறு சார்.

"சிரிக்கட்டும். மறைச்சு வெச்சு, யாரும் சிரிக்காம பாத்துக்கறதை விட அது மேல்."

பிறகு ஹலோவைத் தனியாக அழைத்தார்.

"கேன்டீன்ல பேசினதுக்கு உங்களை வெளியே அனுப்பணும். போன்ல ஒத்துக்கிட்டதுக்கு உள்ளே வெச்சுக்கணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு. ஆக, நீங்க பழைய இடத்துலேயே நிக்கிறீங்க. தேறாம."

"சரி மேடம்."

"சோதனையிலேருந்து விலகற ஒவ்வொருத்தரையும் கடைசியா ஒரு தடவை உக்காத்தி வெச்சுக் கேக்கணும்னு விதி இருக்கு. லிஃப்ட்காரரை நீங்க கேளுங்க. நானும் வரேன். அதுதான் உங்க தேர்வு."

வார்டில் பார்வையாளர் நேரம். லிஃப்ட்காரரின் கட்டிலைச் சுற்றி அவர் குடும்பம் கல்யாண வீடு போல நின்றது. மகனும் மருமகனும் ஆஸ்பத்திரி பார்க்கிங்கைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தார்கள். மனைவி பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் தன் முதுகு வலியை விவரித்துக்கொண்டிருந்தாள். மகள் போனில் யாருக்கோ, "அப்பா நல்லா இருக்காரு, ஒண்ணுமில்லை," என்று அவரைப் பார்க்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள்தான்.

மேடம் அவர்களை ஏதோ சொல்லி டீ குடிக்க அனுப்பினார். ஜன்னல் பக்கம் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஹலோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்குப் பேனா கொண்டுவரவில்லை. கடிக்க மூடியும் இல்லை.

"சொல்லுங்க அண்ணா," என்றாள்.

"என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்கேன். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுதான் சரியில்லை, கேபிள் முனகுது. நான் சொன்னா, நீங்க படுங்கன்றாங்க."

சிரித்தாள். பேசவில்லை.

"டாக்டர் நல்ல மனுஷன். உனக்கு யாரு இவ்வளவு தெளிவாச் சொல்லச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டாரு. நான் எங்கே சொன்னேன், கேட்டவங்க கேட்டாங்கன்னேன்."

அவர் கூரையைப் பார்த்தார். போர்வை நுனியை விரலில் சுற்றினார். பிரித்தார். ஹலோவின் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன: பயமா இருக்கா அண்ணா? மறுபடி வந்துடுமோன்னு தோணுதா? ராத்திரி தூக்கம் வருதா? ஒவ்வொன்றையும் பிடித்து உள்ளே தள்ளினாள். தள்ளத் தள்ள, அவர் முகம் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இத்தனை நாள் கடைசி வரிசையில் இருந்தும் அவள் சரியாகப் பார்த்திராத முகம். எதையோ தூக்கிக்கொண்டு, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நிற்கும் முகம்.

நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் காத்திருந்தாள்.

"வேற?" என்றாள் மெதுவாக.

ஜன்னலில் இருந்த மேடம் திரும்பிப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குடும்பம் இன்னும் வரவில்லை. குரலைத் தணித்தார்.

"அந்த வலி மாத்திரைக்கு ரொம்ப முன்னாடியே லேசா இருந்துச்சும்மா; சொல்லியிருந்தா என்னைச் சோதனையில சேத்திருக்க மாட்டீங்க, அப்புறம் தினமும் சாயங்காலம் 'எப்படி இருக்கீங்க'ன்னு என்னைக் கேக்க யாரு இருக்கா?"